டப்பாவின் முதுகைப் பாருங்கள்!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கிழக்கே போனால் நிழல் என்பது அபூர்வ வஸ்து. கரிசல் காடு, அதை விட்டால் கண்மாய், அதையும் விட்டால் சீமைக் கருவேலம். அந்தக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பருத்தி எடுப்பவர்களும் மிளகாய் பறிப்பவர்களும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலில்தான் நிற்கிறார்கள்.

இந்த வெயில் சீமையில் இருக்கிறது வீரசோழன். அங்கே வாரச்சந்தை கூடுகிறது. சந்தை நாள் ஒன்றில் நானும் போயிருந்தேன். ஆட்டு விலை விசாரிக்க அல்ல. அழகின் விலை விசாரிக்க!

நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஒரு பாட்டி பேரம் பேசிக்கொண்டிருந்தார். கூடவே கல்லூரியில் படிக்கும் பேத்தி. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போகரிசி எல்லாம் பொட்டலம் பொட்டலமாகக் கட்டப்பட்டன. பாசிப்பயறு வீட்டிலேயே இருக்கிறதாம். எல்லாவற்றையும் காய வைத்து, மில்லில் கொடுத்து அரைத்தால் நலங்கு மாவு தயார்.

“நீங்க பேப்பர்ல எழுதுறவுகதானே, தம்பி? இவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் அரைச்சுக் கொடுக்குறதைத் தொட மாட்டேங்குறா. டப்பா, டப்பான்னு அதையே கட்டிக்கிட்டு அழுகுறா” என்றார் பாட்டி.

பேத்தி சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். “அக்கா வீட்டு மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தாங்க, சார். மூணு வாரத்திலே எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? அப்பத்தா மாவைப் பூசினா மூணு வருஷம் ஆகும்!”

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். முகப்பில் ஓர் அழகியின் படம். தங்க நிறத்தில் எழுத்து. திருப்பிப் பார்த்தேன். முதுகில் என்ன சரக்கு சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. தயாரித்தவர் விலாசம் இல்லை. லைசென்சு எண் இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் பொடி எழுத்தில் இருந்தது: நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்!

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தட்டாருக்குத் தெரிந்த ரகசியம்

நகையில் பட்டால் என்ன? எந்தத் தட்டாரையும் கேளுங்கள், சொல்வார். தங்கத்தில் பாதரசம் பட்டால் இரண்டும் கூடிக்கொள்ளும். மஞ்சள் தங்கம் வெளுத்துப்போகும். முகப்பூச்சு டப்பாவில் “தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படக்கூடாது” என்று கண்டால் உள்ளே பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகியுங்கள் என உலகச் சுகாதார ஸ்தாபனமே எச்சரித்திருக்கிறது.

முகத்துக்குப் போடும் களிம்பில் பாதரசத்துக்கு என்ன வேலை?

நம் மேல்தோலின் அடிப்பகுதியில் சில உயிரணுக்கள் மெலனின் என்ற கருநிறப் பொருளைத் தயாரிக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் உள்ளே இறங்காமல் அது தடுக்கிறது. இயற்கை நமக்குப் பிடித்திருக்கும் குடை என்றே சொல்லலாம். மெலனின் உண்டாவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி தேவை. பாதரச உப்பு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. குடை சுருங்குகிறது; முகம் வெளுக்கிறது. மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிவது உண்மைதான். ஆனால் பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்கிறது.

கோட்டக்கல்லில் நடந்தது

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல்லில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சிறுநீரக டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயுடன் நோயாளிகள் வந்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அப்படி வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு, வழக்கமாக அபூர்வமாகவே காணப்படும் ஒரு தனி ரகம். டாக்டர்கள் துருவி விசாரித்தார்கள். அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருவதற்கு முன்னால் நிறம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதலான செய்தி. 2023-ல் கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது.

பூசுகிறவரோடு இது போவதும் இல்லை. 2010-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் இப்படிப்பட்ட கிரீம் புழங்கிய வீடுகளைப் பரிசோதித்தார்கள். கிரீமைத் தொடாத வீட்டாரின் சிறுநீரிலும், குழந்தைகள் உள்பட, பாதரசம் இருந்தது. துண்டு, தலையணை, தாயின் கன்னம் இவற்றின் வழியே அது குழந்தைக்குப் போகிறது. அந்தக் கிரீம்களில் நூற்றுக்கு 2 பங்கும் அதற்கு மேலும் பாதரசம் இருந்ததாம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2020-ம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி, முகக் கிரீம் போன்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நூற்றுக்கு 2 பங்கு என்றால் இதைப் போல 20,000 மடங்கு! 2013-ல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. பாதரசம் சேர்த்த அழகுப்பொருள் எதுவுமே 2025-க்குப் பிறகு கூடாது என்று அதன் உறுப்பு நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் கூடி முடிவெடுத்தன. சட்டம் இருக்கிறது. ஆனால் உறவினர் பெட்டியில் வரும் டப்பாவைச் சட்டம் எப்படிப் பார்க்கும்? நாம்தான் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடைக் குழாய்

இன்னொரு ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது. படைக்கும் அரிப்புக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பைச் சிலர் ‘முகம் பளிச்சென்று ஆகும்’ என்று மாதக்கணக்கில் பூசுகிறார்கள். கிளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர் ஏதாவது குழாயில் இருந்தால் அது அழகுப்பொருள் அல்ல, மருந்து. முகத்தில் நாள்பட்டுப் பூசினால் தோல் மெலியும், ரத்த நாளம் தெரியும், பரு கிளம்பும், மீசை முளைப்பதும் உண்டு. நிறுத்தினால் முகம் நெருப்பாய்ச் சிவக்கும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளில் 14 வகைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

இதைக் கேட்டதும் பாட்டி வெற்றிப் புன்னகை பூத்தார். “பார்த்தியாடி? நம்ம பொட்டலத்துக்கு ஈடு உண்டா?”

கொஞ்சம் பொறுங்கள், பாட்டி! பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

நாட்டுச் சரக்கும் தப்பாது

முதலில் கஸ்தூரி மஞ்சள். அசல் கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உட்பக்கம் வெளிறிய நிறமாக இருக்கும். கற்பூரம் கலந்தாற்போல் வாசனை அடிக்கும். முகத்தில் மஞ்சள் கறை ஏறாது. சந்தைகளில் கஸ்தூரி மஞ்சள் என்று விற்கப்படும் பளிச்சென்ற மஞ்சள் கிழங்கு பெரும்பாலும் வேறு செடியின் கிழங்கு. நிறத்தைக் கண்டு ஏமாறுகிறவர்கள் கிரீம் வாங்குகிறவர்கள் மட்டும் அல்ல!

சாதாரண மஞ்சளிலும் கலப்படம் உண்டு. பளபளப்புக்காக ஈயக் குரோமேட் என்ற சாயம் ஏற்றப்பட்ட மஞ்சளை வங்காள தேசத்திலும், இந்தியாவில் சில இடங்களிலும் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளைக்குப் பகை. முழு மஞ்சளாக வாங்கி அரைப்பது பொடி வாங்குவதைவிட மேல். அதிலும் கண்ணைப் பறிக்கும் நிறம் வேண்டாம்.

அடுத்தது கார்போகரிசி. இந்த விதையில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால், தோல் கன்றிக் கொப்புளிக்கும். பிறகு கருந்திட்டு விழும். வெண்புள்ளி நோய்க்கு டாக்டர்கள் சோராலெனைக் கொடுத்து, அளவாகப் புற ஊதா ஒளி காட்டிச் சிகிச்சை செய்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். டாக்டர் அளந்து கொடுக்கும் வெயில் வேறு; வீரசோழன் வெயில் வேறு! கார்போகரிசி சேர்ந்த மாவைத் தேய்த்துக் குளித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே விதையிலிருந்து 1966-ல் புனா தேசிய ரசாயன ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகள் பாகுச்சியால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று மேல்நாடுகளில் தோல் சுருக்கத்துக்கு விற்கும் விலையுயர்ந்த சீரம் புட்டிகளில் அந்தப் பாகுச்சியால் இருக்கிறது. பாட்டியின் பொட்டலமும் பாரிஸ் புட்டியும் ஒரே விதையில் வந்து சந்திக்கின்றன! ஒரே ஒரு வித்தியாசம்: ஒழுங்காகச் சுத்திகரித்த பாகுச்சியாலில் வெயிலுக்கு ஆகாத சோராலெனை நீக்கிவிடுகிறார்கள்.

‘நாட்டு மருந்தில் கெடுதல் கிடையாது’ என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் இருக்கிறது. கோட்டக்கல்லில் கண்ட அதே அபூர்வ ரகச் சிறுநீரக நோயை நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் ஆராய்ந்து 2022-ல் எழுதினார்கள். அவர்கள் கண்ட தொடர்பு, பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளோடு! ஆகவே உள்ளூரா, வெளியூரா என்பது கேள்வி அல்ல. உள்ளே என்ன, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உப்புத் தண்ணீரும் சோப்பும்

இந்தச் சீமையில் பல கிணறுகளில் தண்ணீர் உப்பு. சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து தோலில் படிகின்றன. நுரை வரவில்லையே என்று இன்னும் தேய்க்கிறோம். சோப்பின் காரத்தன்மை பி.எச். அளவில் 9, 10 இருக்கும். நம் தோலோ லேசான அமிலம், சுமார் 5. விளைவு? தோல் வறண்டு, வெடித்து, சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. பிறகு ‘கறுத்துவிட்டேன்’ என்று கிரீம் தேடுகிறோம்!

சோப்பு உறையில் டி.எப்.எம். என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். சோப்பில் உள்ள கொழுப்புச் சத்தின் அளவு அது. 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். 70 இரண்டாம் தரம். 60 மூன்றாம் தரம். அதற்கும் கீழே, 40 வரை இருப்பதை ‘குளியல் கட்டி’ என்றுதான் அச்சிடலாம்; ‘டாய்லெட் சோப்’ என்று போடக்கூடாது. ஒரே விலையில் இரண்டு கட்டி இருந்தால் எண் பார்த்து வாங்குங்கள்.

குளித்து முடித்ததும், தோல் ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். ஈரத்தை வெளியே போகவிடாமல் அது மூடும். கிளிசரின் வேறு விதம். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த வறட்சி நீக்கும் கிரீம்களில் பலவும் இந்த இரண்டு வேலையைத்தான் செய்கின்றன. தண்ணீர், கிளிசரின், லிக்விட் பாரபின் இவை மூன்றும் பட்டியலின் தலையில் இருக்கும். மீதி விலை மணத்துக்கும் புட்டிக்கும்.

பட்டியலைப் படிப்பது எப்படி?

சட்டப்படி, நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உள்ள சரக்குகளை அதிக அளவில் தொடங்கிக் குறைந்த அளவு வரை வரிசையாக எழுத வேண்டும். ஒரு பங்கும் அதற்குக் குறைந்ததும் கடைசியில், எந்த வரிசையிலும் வரலாம். ஒரு சின்ன சூத்திரம் சொல்கிறேன். பினாக்ஸி எத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது! முகப்பில் குங்குமப்பூ தோட்டமே பூத்திருக்கும். முதுகில் அது இந்தப் பெயருக்கும் பின்னால் நின்றால், பூ படத்தில்தான் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம்.

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். அக்வா என்றால் தண்ணீர். அசாடிராக்டா இண்டிகா நம் வேப்பமரம். செசாமம் இண்டிகம் எள். கோகோஸ் நியூசிபெரா தென்னை. நியாசினமைடு என்பது வைட்டமின் பி-3 இனம். நிலக்கடலையில் உள்ள நயாசினுக்குச் சகோதரன். அது நிறத்திட்டுகளை மெதுவாகக் குறைக்கும். மூன்று வாரத்தில் மாயம் செய்யாது.

வெயில் தடுப்புக் கிரீமில் எஸ்.பி.எப். எண் இருக்கும். 15 என்றால் தோலைச் சுடும் கதிர்களில் சுமார் 93 சதவீதம் தடுபடும். 30 என்றால் 97. 50 என்றால் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம்! விலை வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளமாகப் பூசினால்தான் இந்தக் கணக்கு. காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு நீளக் கைச் சட்டையும் தலைத் துண்டும் அதைவிட உத்தமம்.

முகப்பின் பெயரும் பெரிதல்ல. 1975-ல் இந்தியாவில் வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’, 2020-ல் ‘குளோ அண்டு லவ்லி’ ஆயிற்று. பெயர் மாறினால் சரக்கு மாறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதுகைப் பார்த்தால்தான் தெரியும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை இவைதான்: சரக்குப் பட்டியல், தயாரித்தவர் பெயரும் விலாசமும், எம்.எல். என்று தொடங்கும் லைசென்சு எண், ‘பி’ எண், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற குறிப்பு. வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் விலாசமும் பதிவு எண்ணும் வேண்டும். கலோமல், மெர்க்யூரிக், மெர்க்யூரியோ என்ற பெயர் எங்கே கண்டாலும் கீழே வைத்துவிடுங்கள். எதுவும் எழுதாத டப்பா என்றால் கையில் எடுக்கவே வேண்டாம்.

பேத்தி கேட்ட கேள்வி

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேத்தி மௌனமாக இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “இதிலே அது இருக்குன்னு நிச்சயமாத் தெரியுமா, சார்?”

“தெரியாதம்மா. அதுதான் விஷயமே. எழுதியிருந்தால் தெரியும். எழுதவில்லையே!”

பூசியது மூன்று வாரம். இன்றோடு நிறுத்திவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சாதாரணப் பரிசோதனைதான். முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் நுரைத்துப் போனாலும் தாமதிக்கக்கூடாது. டாக்டரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றேன். அதை அடுப்பிலோ கரி மூட்டத்திலோ போடக்கூடாது; பாதரசம் இருந்தால் ஆவியாகி மூச்சில் ஏறும் என்றும் எச்சரித்தேன்.

“நிறுத்தினா பழைய நிறம் வந்துடுமே, சார். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பாட்டி சொன்னார்:

“மாப்பிள்ளை வீட்டுக்காரவுக உன்னைப் பார்த்துட்டுப் போனது எப்போ? இந்த டப்பா வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“பெறகென்ன?”

பேத்தி சிரித்துவிட்டாள். டப்பாவைப் பாலிதீன் பையில் சுற்றிப் பத்திரமாக முடிந்தாள். பாட்டியும் சும்மா இருக்கவில்லை. கடைக்காரர் பக்கம் திரும்பி, கார்போகரிசிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். கஸ்தூரி மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்து உடைத்து முகர்ந்தார்.

“ஏய்யா, இது அசலுதானா? கற்பூர வாசமே காணோமே!”

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் வேறு கிழங்கு எடுத்து வந்தார்.